காக்கையில் ஏறிய பெருமாள்

சைக்ளோஸ்டைல் மையின் நெடி காகிதத்தின் பின்பக்கத்திலும் ஊறியிருக்கும். அதன்மேல் மெழுகு வண்ணக்குச்சியைத் தேய்த்தால் எழும் கலவை வாசனை, அறுபதுகளின் ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் விரல்களைவிட்டு நீங்கவில்லை. அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் அந்தத் தாள்களில்தான், மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தாராவியிலிருந்து வரும் என் வகுப்புத் தோழி அற்புதமும் நானும் முதல் படப்புத்தகத்தைத் தொடங்கினோம். அவள் முதலில் வரைவாள். நான் கீழே வரிகளை எழுதுவேன். இருவருக்கும் நரைத்த பின்னும் எங்கள் புத்தகங்கள் இந்த வரிசையில்தான் பிறக்கின்றன.

அடியவர் அழைக்க, திருமால் கருடன்மீது விரைந்து வரும் கதை அது. பாசுரம் ஒலிக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது மூச்சுப்போல. கிறிஸ்தவப் பெண்ணான அற்புதமோ கருடனைப் படத்தில்கூடக் கண்டதில்லை. ஆறாம் தாளில் பெருமாள், ரயில் தண்டவாளங்களுக்கு மேலே, பெரியதொரு காக்கையின் முதுகில் வீற்றிருந்தார். கீழே என் கையெழுத்தில், "காக்கையே, விரைந்து பற!"

அப்பா பதறிவிட்டார். "சனீஸ்வரன் வாகனத்துல பெருமாளை ஏத்தியிருக்கேளே! யாருடி பண்ணினது?"

"அவதான்ப்பா," என்றேன்.

அற்புதம் மறுக்கவில்லை. "காக்கா எல்லார் வீட்டுக்கும் வருதுல்லா மாமா," என்று மட்டும் சொன்னாள். "இனிமே இந்த விளையாட்டு நம்மாத்துல வேண்டாம்," என்றார் அப்பா. மழை ஓயும்வரை அவள் எங்கள் படியேறவில்லை.

இப்போது அந்தக் கதை அச்சாகிறது. அது பிறந்த விதத்தை முன்னுரையாகக் கேட்கிறார் பதிப்பாளர். காக்கை அவளுடைய கற்பனை என்று எழுதப்போவதாக அற்புதத்திடம் தொலைபேசியில் சொன்னேன்.

"என்னட்டி சொல்லுத? கருடன் வரைய வரலன்னு நான் அழுதேன். நீதான் 'காக்கா'ன்னு மொதல்ல எழுதித் தந்த."

"அப்பாகிட்ட ஏன்டி சொல்லலை?"

"ஒன்னய அடிச்சிருவாரோன்னு பயம்."

நான் பென்சிலை எடுத்தபோது காக்கை ஏற்கெனவே தாளில் இருந்தது என்பதே என் நினைவு. ஆனால் அவள் சொன்ன நாள்முதல், அவள் அழுத முகமும் தெளிவாகத் தெரிகிறது. அது என் நினைவா, அவள் சொல் வரைந்த படமா என்று பிரித்தறிய இயலவில்லை. அவள் சொல்வது மெய்யானால், நான் தோழிமேல் பொய்ப்பழி சுமத்தியவள். ஆகவே காக்கை என்னுடையது என்றே எழுதி அனுப்பினேன்.

படித்துவிட்டு அழைத்தாள். "கடைசில ஏங் காக்காவப் பிடுங்கிட்டியேட்டி!"

"நீதானேடி சொன்னே?"

"சொன்னேன். இப்ப யோசிச்சா எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு," என்று சிரித்தாள்.

அந்தத் தாள் பழைய காகிதம் வாங்கும் "ரத்தி"க்காரரின் தராசோடு போயிற்று. அப்பாவும் திருவடி சேர்ந்துவிட்டார். கேட்டுத் தெளிய எவருமில்லை. விடியலில் விளக்கேற்றி, பிழை பொறுத்தருள வேண்டுமென்று கைகூப்புகிறேன். எந்தப் பிழை என்றுதான் சொல்லத் தெரியவில்லை.