பை மாறியது என் கையால்

தேர்தல் அறிவித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்போது நான் பொழிச்சலூரில் ஒருவருடைய காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு லாரி கிளீனர், பனியன் கம்பெனி, மும்பையில் ஓட்டல் வேலை என்று ஊர் ஊராகத் திரிந்தவன். எங்கேயும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. அந்த நாட்களில் எனக்கு வீடும் கார்தான். மாற்று லுங்கி, சட்டை, எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு எல்லாம் ஒரு கட்டைப்பையில் பின் சீட்டுக்குக் கீழே கிடக்கும். பெரிய ஜவுளிக்கடையில் துணி எடுத்தால் கொடுப்பார்களே, அந்த மெரூன் நிறப் பை. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அதே பை இருக்கும்.

அன்று காலை பத்து மணிக்கு மேல் தாம்பரத்தில் திருச்சி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு மேடம் வண்டி கேட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அதற்கு முன்பும் இரண்டு மூன்று முறை என் வண்டியில் வந்திருக்கிறார். பெட்டியை டிக்கியில் வைத்துவிட்டு, ஒரு மெரூன் கட்டைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எப்போதும் அப்படித்தான், அந்தப் பையை மட்டும் டிக்கியில் வைக்க விடமாட்டார்.

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வண்டி நகரவே இல்லை. தாம்பரம் போய்ச் சேர்ந்தபோது ரயில் நடைமேடைக்கு வந்துவிட்டதாக அறிவிப்பு கேட்டது. மேடம் பதறி இறங்கி டிக்கியைத் திறந்தார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நான் பின் கதவைத் திறந்து, கைக்கு வந்த கட்டைப்பையை எடுத்து அவர் கையில் திணித்தேன். அவரும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு படியில் ஓடினார்.

அடுத்த சவாரி கூடுவாஞ்சேரியில். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிக்குச் சற்று முன்னால் தேர்தல் பறக்கும் படை பந்தல் போட்டு எல்லா வண்டியையும் நிறுத்திக்கொண்டிருந்தது. ஒரு அதிகாரி, ஒரு ஏட்டு, வீடியோ எடுக்க ஓர் ஆள்.

"பைல இன்னா கீது?" என்றார் ஏட்டு.

"லுங்கி, சட்டை, புளிசாதம் சார்."

ஏட்டு பையில் கையை விட்டார். மேலே ஒரு துண்டு, அதற்குக் கீழே பூட்டுப் போட்ட கறுப்புப் பெட்டி. கையில் தூக்கிப் பார்த்தார். "புளிசாதத்துக்குப் பூட்டு போட்டு வெச்சிக்கிறான் சார்! நல்லா கனமா வேற கீது."

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து பின் சீட்டுக்குக் கீழே பார்த்தேன், என் பை இல்லை. பை மாறியது அப்போதுதான் புரிந்தது. பெட்டிக்குள் பணம் இருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். சாவி கேட்டார்கள். என்னிடம் இல்லை என்றேன். யாருடையது என்றார்கள். அந்த மேடம் பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, போனில் 'டீச்சர்' என்றுதான் போட்டு வைத்திருந்தேன்.

அதே நேரம் டீச்சரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஸ்பீக்கர்ல போடுறா" என்றார் ஏட்டு. போட்டேன்.

"அண்ணா, பை மாறிடுச்சு! அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. அதுல பிஸ்டல் இருக்கு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஏட்டு கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் கை போட்டுக்கொண்டார். அதிகாரி போனை வாங்கிப் பேசினார். மேடம் செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் பிடித்துத் திரும்பி வருவதாகச் சொன்னார்.

ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். முகவரி கேட்டார்கள். ஆதாரில் இருந்த ஊரில் இப்போது எனக்கு வீடு இல்லை. இப்போது தங்குவது எங்கே என்றார்கள். கார் என்றேன். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். திருப்பூரில் ஒருமுறை பக்கத்துக் கட்டில்காரனுடைய போன் காணாமல் போனது. நான் எடுக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில், அன்று சாயங்காலமே சம்பளம்கூட வாங்காமல் கிளம்பிவிட்டேன். கூடுவாஞ்சேரிப் பந்தலிலும் எதிர்ப்பக்கம் நின்று நின்று போகும் பஸ்களைப் பார்த்தபோது கால் பரபரத்தது. தோளில் ஏட்டின் கை இருந்தது.

மேடம் வியர்த்து வடிய, என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லைசென்சையும் ஒரு கடிதத்தையும் எடுத்து நீட்டினார். அவர் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். தேர்தல் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். போட்டிக்குப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைக் கடிதமாக வாங்க வேண்டும். அதற்காக இரண்டு வாரம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறார். குண்டுகளைத் தனியாகத் தோள்பையில் வைத்திருந்தார். முன்பு ஒருமுறை பெட்டியை வெளியே தெரிகிற மாதிரி பஸ்ஸில் கொண்டுபோக, யாரோ பயந்துபோய் போலீசுக்கே போன் செய்துவிட்டார்களாம். அதிலிருந்து கட்டைப்பை.

அதிகாரி கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். "எல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு. ஆனா ஆயுதம் உங்க கைய விட்டு இன்னொருத்தர் கைக்குப் போயிருக்கு. நான் ரிப்போர்ட் அனுப்பியே ஆகணும். இந்த விலக்கு நிக்காது, லைசென்சுக்கும் விசாரணை வரும்." பிறகு என் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க இறங்குறப்ப டிரைவர் உங்களுக்குத் தெரியாம எடுத்து வெச்சிக்கிட்டான்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, உங்க பக்கம் ஒண்ணும் இல்ல. நானே மேல பேசறேன். சாயங்கால வண்டியிலயே நீங்க திருச்சி போயிடலாம்."

அவர் தாழ்த்திச் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. வீடு இல்லாத ஆள், கையில் துப்பாக்கி, தேர்தல் நேரம். நான் உள்ளே போக ஒரே ஒரு வரி போதும்.

மேடம் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பையை எடுத்துக் கொடுத்தது யாரு?"

"நான்தான் மேடம்."

"அதைப் பார்க்காம வாங்கினது நான்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். அவசரத்தில் பை மாறியது, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று டிரைவருக்குத் தெரியாது, கவனிக்காதது தன்னுடைய தவறு என்று ஒரு பக்கம். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"போட்டி போயிடுமே மேடம்" என்றார் அதிகாரி.

"போகும் சார்" என்றார்.

போனது. துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, மேடம் என் வண்டியிலேயே வீட்டுக்கு வந்தார். அந்தப் போட்டியில் தேறினால்தான் அந்த வருடம் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும் என்று வழியில் சொன்னார். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நான் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. வண்டலூர் தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை. அதிகாரி சொன்ன மாதிரி எழுதியிருக்கலாமே, எனக்கென்ன, உள்ளே போய் வந்திருப்பேன் என்று ஏதோ உளறினேன்.

"நீங்க எடுத்து வெச்சிக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எப்படி அப்படி எழுதறது?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதாரா என்று தெரியாது. நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சவாரிக்காக அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ஒரு கையில் நீட்டிப் பிடித்தபடி ஆடாமல் நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கி இல்லாமல் ஒரு மாதம் விட்டால் கை மறந்துவிடுமாம். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் துப்பாக்கி திரும்பக் கிடைத்தது. விசாரணைக்கு மூன்று முறை போனார், நானும் கூடப் போய்ச் சாட்சி சொன்னேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அடுத்த வருடப் போட்டிக்கு அவரைத் தாம்பரத்தில் கொண்டுபோய் விட்டது நான்தான். அவர் பையை அவரே எடுத்துக்கொண்டார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

சட்டம் அப்படித்தான் இருக்கும், அதிகாரிகளும் அவர்கள் வேலையைத்தான் செய்தார்கள், யார் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எத்தனையோ ஊரில் நான் செய்யாததை நான் செய்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும், நான் செய்யவில்லை என்று ஒருவர் தன் கையால் எழுதிக் கொடுத்தது அந்த ஒரு நாள்தான். இப்போதெல்லாம் ஒரு ஊரை விட்டுக் கிளம்பலாம் என்று தோன்றும்போது அந்தக் கையெழுத்துதான் என்னை உட்கார வைக்கிறது.