எடை குறைந்த பாவா

போன வாரம் அரக்கோணத்தில் ஒரு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நோயாளி நானல்ல, என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் பாவா என்போம்.

"சுகர் மாத்திரையை யார்யா நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

பாவா படுத்தபடியே மோவாயால் என்னைக் காட்டினார்.

கோபப்பட முடியுமா? சொன்னது நான்தானே!

பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வேலை. பருத்த உடம்பு. இரண்டு தறிக்கு நடுவே அவர் நுழைந்தால், "யோவ், நூலு அறுந்துடப் போவுது, ஓரமா வாய்யா" என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள். சிரித்துக்கொள்வார். ஆனால் மனசுக்குள் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு கிருத்திகையன்று குடும்பத்தோடு திருத்தணி போயிருந்தோம். மலைப்படி தொடங்கும் இடத்தில் டை கட்டிய ஒருவர் எடை மெஷினோடு நின்றிருந்தார். பக்கத்தில் டப்பா டப்பாவாக மூலிகைப் பவுடர்.

"அண்ணா, மொதல்ல வெயிட் பாருங்க. ஒரு ஸ்பூன் கலக்கித் தரேன், குடிச்சிட்டு சாமி பாத்துட்டு வாங்க. எறங்கி வந்து மறுபடி ஏறி நில்லுங்க... அப்புறம் பேசுவோம்."

பாவா குடித்தார். வெயிலில் படி ஏறினார், இறங்கினார். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும். மெஷினில் நின்றால் — முக்கால் கிலோ குறைவு! சுற்றி நின்ற கூட்டம் வாயைப் பிளந்தது.

டப்பா வீட்டுக்கு வந்தது. கூடவே வழவழப்பான தாளில் ஓர் ஆங்கில நோட்டீஸ்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். கரண்ட் ஆபீஸ் கடிதமோ, டானிக் பாட்டிலோ, இங்கிலீஷ் என்றால் என்னிடம்தான் வரும்.

"பட்ச்சி சொல்லுடா" என்று எதிரில் உட்கார்ந்தாள் அக்கா.

படித்தேன். முழுக்க மூலிகை. பக்க விளைவு கிடையாது. உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்ற இடம் எனக்குப் புரியவில்லை... வேகமாகத் தாண்டிவிட்டேன். கடைசி வரி: இதைச் சாப்பிடும் நாட்களில் வேறு எந்த மருந்தும் எடுக்கக் கூடாது.

"சுகர் மாத்திரையுமாடா?"

"எல்லா மருந்தும்னுதான் போட்டுக்கீது, அக்கா."

"அச்சுலயே போட்டுக்கீதா?"

"ஆங்."

அவ்வளவுதான். மாத்திரை பரணுக்குப் போய்விட்டது.

பாவா நிஜமாகவே இளைத்தார்! சட்டை தொளதொளத்தது. "இன்னாபா, மாப்ள மாதிரி ஆயிட்ட!" என்றது தறிக்கூடம். அங்கேயே இன்னும் இரண்டு பேர் டப்பா வாங்கினார்கள். பாவா ஓயாமல் தண்ணீர் குடித்தார், ஓயாமல் கொல்லைப்பக்கம் போனார். "கொழுப்பைக் கரைச்சு வெளிய தள்ளுதுடா" என்று விளக்கம் வேறு.

போன வாரம், ஓடிக்கொண்டிருந்த தறிக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். கை உள்ளே மாட்டாதது அவருடைய நல்ல காலம்.

டாக்டர் சொன்னார்: "சர்க்கரை தாறுமாறா ஏறினாலும் உடம்பு இளைக்கும்யா. நீங்க கொண்டாடினது வியாதியை."

மறுநாள் திருத்தணி போனேன். அதே டை, அதே மெஷின். எடை பார்த்தேன். பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலை ஏறி இறங்கினேன். எனக்கும் குறைந்திருந்தது! அத்தனை வேர்வை வெளியே போனால் எடை குறையாதா?

"இதுக்கு இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"உங்க பாடிக்கு நம்ம பவுடரே தேவையில்ல சார்" என்று கை குலுக்கினார் அவர்.

தறிக்கூடத்து இரண்டு பேரிடமும் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். டப்பாவில் அச்சடித்திருப்பது டப்பாக்காரர் எழுதியது. சுகருக்கோ பிரஷருக்கோ சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். பவுடர் விற்பவர் அல்ல — அவர் நோட்டீஸைப் படித்துக் காட்டும் என்னைப் போன்றவனும் அல்ல.

பாவா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மருந்துச் சீட்டு கொடுத்தார்கள். அக்கா அதை என்னிடம் நீட்டினாள்.

"இன்னா போட்டுக்கீதுடா?"

வாங்கிப் பார்த்தேன்.

"பாதி புரியல, அக்கா. வா, டாக்டரையே கேக்கலாம்."

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து, அக்காவிடம் நான் 'புரியல' என்று சொன்னது இதுதான் முதல் தடவை.