ஒரகடத்தில் மூன்று வெற்று அட்டைகள்

செல்வியை அந்தக் கூட்டத்துக்கு நான் அழைத்திருக்க வேண்டுமா? பலமுறை யோசித்துவிட்டேன், விடை தெரியவில்லை.

எச்ஐவி ஆய்வாளர்களுக்கான இரண்டு நாள் முகாம் போன ஜனவரியில் ஒரகடம் அருகே ஒரு ஹோட்டலில் நடந்தது. நான் மருத்துவர் இல்லை. புள்ளியியல் படித்தவள், ஆய்வுத் தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எச்ஐவி தொற்றுடன் வாழ்பவர்களில் மூன்று பேரும் முதல் நாள் கலந்துகொள்ளட்டும் என்று முடிவானது. அவர்களில் ஒருவரை அழைத்தது நான். தென்மாவட்டத்துப் பெண். உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் ஆறு பெண்களோடு ஒரே அறையில் வாசம். இங்கே செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பேருந்து உண்டு. பெட்டி இருந்ததால் கார் பிடித்தேன், 800 ரூபாய். காலை ஏழு மணிக்குக் கிளம்பியதுதான் தப்பு. படப்பை தாண்டியதும் கம்பெனி பஸ்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம்.

"ஷிப்டு டைம்ல வந்தா இப்டித்தான் மேடம். வழியே வுட மாட்டானுங்கோ," என்றார் டிரைவர். "நீங்க இன்னா, ஹெச்.ஆரா?"

"இல்லையே, ஏன்?"

"மூஞ்சி அப்டி கீது. லீவு கேட்டா குடுக்காத மூஞ்சி."

எட்டரைக்குச் சேர்ந்தேன். செல்வி ஹோட்டல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். சித்தி வீட்டுக்குப் போவதாக அறையில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பதிவு மேசையில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயரட்டை. அவர்கள் மூவருக்கு மட்டும் எதுவும் எழுதாத வெள்ளை அட்டை. "பேரே இல்ல பாருங்க, முழு ரகசியம்," என்றார் ஏற்பாட்டாளர் பெருமையாக. பெயரோடு அறுபது பேர், பெயரில்லாமல் மூன்று பேர். இதைவிடத் தெளிவாக ஒருவரைக் காட்டிக்கொடுக்க முடியாது என்றேன். அட்டை இல்லாமல் சாப்பாட்டுக் கூடத்தில் விட மாட்டார்கள், மற்றவை அச்சாகிவிட்டன என்றார்.

"விடுங்க மேடம், ஒரு நாளுதான," என்றார் செல்வி.

காலை அமர்வு, தினமும் மாத்திரை விழுங்குவதற்குப் பதிலாகச் சில மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றி. செல்வி வந்ததே அதற்காகத்தான். கை தூக்கிக் கேட்டார்: "அந்த ஊசி எங்களுக்கு எப்ப சார் கிடைக்கும்? மாத்திர டப்பாவ ஆறு பேரு கண்ணுல படாம வைக்க முடியல."

அமர்வை நடத்திய பேராசிரியர், சோதனைகள், விலை, கொள்கை முடிவு என்று நெடுநேரம் விளக்கினார்.

"அப்ப இப்பம் இல்லைங்கீங்க," என்றார் செல்வி. அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மதியம் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவர் எங்கள் மேசையில் நின்றுவிட்டார்.

"ஏ, நீ செல்விதான? ஜெயா ரூம்ல உள்ள புள்ளதான? நீ எங்க இங்க?"

"ஒரு வேலையா வந்தேண்ணே."

"அதென்ன, எல்லாரு கழுத்துலயும் பேரு தொங்குது, உனக்கு மட்டும் வெறும் அட்ட?"

"அவர் எனக்கு உதவிக்கு வந்திருக்கார். பேர் எழுத விட்டுப்போச்சு," என்றேன். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசையிலிருந்த இன்னொரு வெள்ளை அட்டையைப் பார்த்தார்.

செல்வி பாதிச் சாப்பாட்டில் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். "ஜெயாவோட அண்ணன் மேடம். மேடையில எச்ஐவின்னு அவ்ளோ பெருசா போட்டிருக்கு. வாசிக்காமலா இருப்பாரு?"

"நான் அவர்கிட்ட பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவீங்க? சொல்லாதீங்கன்னு சொன்னாலே தெரிஞ்சு போயிரும்லா. ரூம விட்டுப் போகச் சொன்னா நான் எங்க போவேன்?"

அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மாலை டீ நேரத்தில் அந்த மனிதர் கை கழுவும் இடத்தருகே போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று தெரியாது. நிறைவு அறிக்கையில் 'சமூகப் பங்கேற்பு சிறப்பாக அமைந்தது' என்று எழுதியிருந்தார்கள்.

இந்தப் பக்கம் கூட்டம் நடத்தப் போகிறவர்களுக்கு: சாலையில் ஷிப்டு மாறும் நேரத்தைத் தவிருங்கள். பெயரட்டை என்றால் எல்லோருக்கும் பெயர், மாற்றுப் பெயரானாலும் சரி. இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். ஹோட்டல் ஊழியர்கள் யார், எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். சுற்று வட்டார ஹாஸ்டல்களில் இருப்பவர்களின் அண்ணன் தம்பிகள்தான் அவர்கள். பெரிய மருத்துவர்கள் கூடி யோசித்தபோது இது யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம், அவரது சாப்பாட்டு இடைவேளையில், செல்வி போன் செய்தார். அவரை அங்கே பார்த்ததை அண்ணன் முதல் நாளே ஜெயாவிடம் சொல்லிவிட்டாராம். ஜெயா கேட்பதற்குள் செல்வியே காலையில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல மேடம். எனக்கு முன்னாடியே கிளம்பிப் போயிட்டா. கம்பெனி பஸ்ல எப்பவும் அவதான் எனக்கு எடம் போட்டு வைப்பா. இன்னிக்கும் துண்டு போட்டு வச்சிருந்தா. நான் போயி உக்காந்தேன். கம்பெனி வர்ற வரைக்கும் ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு வந்தா."