ஒஸ்லோவில் காட்டப்பட்ட வீடு

போர் முடிந்த வருடம் ரொறன்ரோவிலிருந்து வேலை விஷயமாக ஒஸ்லோ போயிருந்தேன். மிஞ்சிய அரை நாளில் நகரத்தை நடந்து பார்க்க, தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்தினேன். நான் யாழ்ப்பாணத்தவன் என்று ஒஸ்லோக் கோட்டை வாசலில் சொன்னதுதான் பிழை. அந்த நோர்வேக்காரர் சமாதானக் காலத்தில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் இருந்தவராம். கோட்டைக்கு முதுகைக் காட்டியபடி எனக்கு யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். எந்த ஒழுங்கை எங்கே முடிகிறது என்பதில் என்னை மூன்று முறை திருத்தினார்.

தயங்கித் தயங்கி, மனைவி பிறந்த வீட்டின் விலாசத்தைச் சொன்னேன். அது நிற்கிறதா என்று கேட்கப் பயந்தே அவள் ஊர்க்கதை எடுப்பதில்லை. வழிகாட்டி சிரித்தார். அங்கேதான் வாடகைக்கு இருந்தாராம். அயலவர் போன மாதம் அனுப்பிய படத்தையும் காட்டினார். கூரை இருந்தது.

உடனே ரொறன்ரோவுக்கு போன் எடுத்தேன்.

“உங்கட வீடு நிக்குதப்பா.”

“ஆர் சொன்னது?”

“இஞ்ச ஒரு வெள்ளைக்காரர். அங்க இருந்தவராம். குளியலறைக் கதவைக் காலால முட்டுக்குடுத்துக்கொண்டுதான் குளிக்கோணுமாம்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“அப்ப அது எங்கட வீடுதான்.”