கலைக்களஞ்சியத்தில் செத்துப்போன சனம்

கழியோரத்தில் ஐஸ் கம்பெனி என்றால் என்னுடையதுதான். ஒரு ஓட்டைப் படகில் தொடங்கிக் கட்டியது. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பழங்குடிப் பிள்ளைகளான எங்களைச் சேர்க்காத காலம் அது. பாதிரியார் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. இன்று இந்தப் பக்கத்து இறால் படகுகள் எல்லாம் என் வாசலில்தான் வரிசையில் நிற்கின்றன. யாருக்கு வரும் இந்தச் சாமர்த்தியம்?

ஆனால் எழுத உட்கார்ந்தது என் அக்காள் மகள் யூலாலியைப் பற்றி. என் இறால் உரிக்கும் கொட்டகையைக் கட்டி மேய்ப்பவள். பிடிவாதத்தில் மட்டும் என்னையே மிஞ்சியவள்.

எங்களைப் பழங்குடிச் சனமாக ஏற்றுக்கொள்ளச் சொல்லி மாநில அரசுக்கு மனுப் போட்டிருந்தோம். அப்படி ஒரு சனமே இல்லை, எப்போதோ அழிந்துவிட்டது, உலக மக்களைப் பற்றிய கலைக்களஞ்சியத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை தவறாமல் யூலாலி நகரத்து நூலகத்துக்கு வண்டியை விட்டாள். ஆப்பிரிக்காவில் மாடு மேய்ப்பவர்களுக்கும் பனிநாட்டில் மான் மேய்ப்பவர்களுக்கும் நடுவில் நாங்கள் நாலு வரி. வாழ்ந்தார்கள், வலை வீசினார்கள், பேசினார்கள். எல்லாம் முடிந்த கதை.

அங்கே போனவள் மற்றவர்களைப் பற்றியும் படித்துத் தள்ளினாள். கொட்டகையில் அதுவே பேச்சு. ஏதோ ஒரு தீவில் மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கவே கூடாதாம் என்று ஒருநாள் சொன்னாள்.

"நல்ல ஊரு. படகு போகுமா?" என்றான் இறால் அள்ளிக்கொண்டிருந்த குளோவி.

"எழுதுனவன் பொய் சொல்லியிருப்பான்டா. நம்மளையே செத்துட்டோம்னு எழுதுனவனுங்கதானே" என்றாள்.

அந்தச் சந்தேகம்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. கலைக்களஞ்சியம் தனக்கு ஆதாரமாக ஒரு பெரிய கையேட்டைக் காட்டியது. கையேடு அதற்கு முந்திய நூலைக் காட்டியது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் ஒரே ஒரு பேராசிரியரின் பயண அறிக்கை. ஜனவரியில் வந்திருக்கிறார். வீடெல்லாம் பூட்டிக் கிடந்ததாம். கோழிகளோடு ஒரு கிழவி மட்டும் இருந்தாளாம். அவள்தான் கடைசி ஆள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் ஜனவரியில் எங்கள் சனத்தில் எவன் வீட்டில் இருந்தான்? சதுப்பில் திரியும் நீரெலியின் மயிர்த்தோல் நல்ல விலைக்குப் போகிற அளவுக்குத் தடிப்பது அப்போதுதான். பிள்ளை குட்டி, நாய், அடுப்பு எல்லாவற்றையும் படகில் ஏற்றிக்கொண்டு சதுப்புக்குள் போய், ஓலைக் குடிசையில் தங்கிக் கண்ணி வைத்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில் தவக்காலத்துக்குத்தான் திரும்புவோம். காலால் நடக்க முடியாத கிழடுகள் கோழிக்குக் காவல். இது தெரியாத மனுஷன் பேராசிரியராம்.

யூலாலி எல்லாவற்றையும் விளக்கிப் பதிப்பகத்துக்கு எழுதினாள். அக்கறைக்கு நன்றி, ஆனால் அச்சான ஆய்வு நூல் ஆதாரமாக வேண்டும் என்றார்கள்.

"நான் உசுரோட இருக்கேன்னு எந்தப் புஸ்தகத்துல மாமா போட்டிருக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நானே நூலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த மிஸ் தெல்மாவின் மேசை முன்னால் நின்று, நான் பிணமா என்று கேட்டேன். நல்ல பெண்மணி. நாற்காலி போட்டாள். "ஐயா, புஸ்தகத்த அடுக்கத்தான் எனக்கு அதிகாரம். திருத்த இல்ல" என்றாள்.

யூலாலி விடவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம். சில வருஷம் கழித்துப் புதுப்பதிப்பு வந்தது. மாடு மேய்ப்பவர்களைத் தாண்டி விரலை ஓட்டினாள். அடுத்ததே மான் மேய்ப்பவர்கள். நாலு வரியும் இல்லை. தகராறுக்குரிய தகவல் என்று எடுத்துவிட்டார்களாம்.

அதோடு போகவில்லை. புதிது வந்தால் பழையதைக் கழித்துவிடுவது நூலகத்தின் வழக்கம். அதைக் கழிக்கக் கூடாது என்று யூலாலி மல்லுக்கு நின்றாள். எனக்கு மண்டை காய்ந்தது.

"அந்தப் பொய்யத் தூக்கிக் கழியில போடு பிள்ள" என்றேன்.

"அதுல நாம செத்தாவது போயிருக்கோம் மாமா. புதுசுல பொறக்கவே இல்ல."

 

நூலகக் குழுவுக்கு முன்னால் அவளே போய்ப் பேசினாள். நானும் வருகிறேன் என்றதற்கு, வாயைத் திறக்காமல் உட்காருவதானால் வரலாம் என்றாள். திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். பழைய தொகுதியைப் பின்னறையில் வைக்கலாம், கேட்பவருக்கு எடுத்துக் காட்டலாம் என்று முடிவானது. மிஸ் தெல்மா வந்து யூலாலியின் கையைக் குலுக்கினாள். எனக்கு அதை வெற்றி என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது யூலாலி பதிப்பகத்துக்கு மறுபடி எழுதுகிறாள். முன்பு திருத்தச் சொன்னவள், இப்போது சேர்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு சனம் இருந்ததற்கு அச்சில் என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். நாங்கள் அழிந்துபோனதாகச் சொல்கிற அந்த நாலு வரியைத்தான் அவள் எடுத்துக் காட்ட வேண்டும்.