மஞ்சள் துளையில் சிவப்பு முனை

போன வருடம் வைகாசி மாதம். இடம் முரசுமோட்டை, எங்கள் வீட்டு விறாந்தை. பகல் ஒன்றரை மணி. மேசையில் உள்ளங்கை அளவு ஒரு பழைய வீடியோ கமராவும், நான் வெட்டிக் குதறிய ஒரு வயரும் கிடந்தன. இரண்டு மணிக்குக் காணி உத்தியோகத்தர் வருவார். அதற்குள் அந்தக் கமராவிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் வராவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காணி இல்லை. விஷயத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன், நிறைய வாசித்தவன் என்று ஊரில் பெயரெடுத்த நான்தான்.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறுபிள்ளையாகத் தாய் தகப்பனோடு மலைநாட்டிலிருந்து வந்தவர். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கரில் ஒரு தகரக் கொட்டில், ஒரு கிணறு. எங்களைப் போன்ற குடியேற்றத் திட்டக்காரர்களின் வயல்களில் அவரும் கணவரும் வேலை செய்தார்கள். போரின் கடைசி இடப்பெயர்வில் காணிப் பத்திரமும் போனது, கணவரும் போனார். அலுவலகத்தில் பத்திரத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள்.

அலுவலகத்தின் பழைய வரைபடத்தில் அந்தத் துண்டு வெறும் பற்றைக் காடு என்று இருக்கிறதாம். அங்கே முன்பு ஆட்கள் குடியிருந்ததற்கு ஏதாவது ஆதாரம் காட்டினால் அவர் பெயரைப் பதியலாம், இல்லாவிட்டால் முடியாது என்று கடிதம் வந்தது. இரண்டு வார அவகாசம், கடைசி நாள் உத்தியோகத்தர் நேரில் வந்து விசாரிப்பார். நான் சாட்சி சொல்லுகிறேன் என்று மார்தட்டிப் போனேன். பக்கத்துக் காணிக்காரர் சொல்வது மட்டும் போதாது என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் எனக்கு எங்கள் குடிபூரல் வீடியோ ஞாபகம் வந்தது. போருக்கு இடையில் வந்த சமாதான காலத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் கையில் ஒரு கமராவோடு நாள் முழுவதும் சுற்றித் திரிந்தார். வீட்டு முற்றத்தில் நின்றால் பின்னால் அக்காவின் கிணறு தெரியாமல் இருக்காது. அண்ணனுக்குப் போன் எடுத்தேன். நாடா இருக்கிறது, ஆனால் கமராவுக்குள் சிக்கிவிட்டது, மூடி திறக்காது, ஓடும் என்றார். ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்படியே கொடுத்தனுப்பினார். பொதியைப் பிரித்தால் உள்ளே கமரா இருந்தது, ஒரு கிலோ சொக்லேட் இருந்தது. பற்றரிக்கு மின்னேற்றும் கருவி இல்லை. தொலைக்காட்சிக்குக் கொடுக்கும் வயர் இல்லை. கமராவின் சின்னத் திரை வெடித்துக் கறுத்துப் போயிருந்தது.

அழுத்திப் பார்த்தேன். விளக்கு பச்சையாக எரிந்தது. படம் இல்லை, ஆனால் உள்ளே நாடா ஓடி, கடுகளவு ஸ்பீக்கரால் சத்தம் வந்தது. மேளம், சிரிப்பு, பாத்திரச் சத்தம். இடையில் கிறீச் கிறீச் என்று ஒரு ஓசை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தார்.

"தம்பி, இது எங்க கிணத்துக் கப்பி. எண்ணெய் விடுங்கன்னு எத்தனை நாளு அவர்கிட்ட சொல்லியிருப்பேன்."

நாடாவுக்குள், கிணற்றடியில், அவருடைய கணவர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறார். ஆனால் கப்பியின் சத்தத்தை எந்தக் காணி அலுவலகமும் பதிவேட்டில் ஏற்றாது. படம் வேண்டும். அதற்கு வயர் வேண்டும்.

வயர் தேடிப் புறப்பட்டேன். காது போனின் முனை போல ஒன்று, ஆனால் அதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கவேண்டும். மறு நுனியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலைகள். கிளிநொச்சியில் முதல் கடைக்காரர் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேர், இதுக்கு வயரும் இல்லை. இதைப் பாவிச்ச ஆக்களும் இப்ப இல்லை" என்றார். வவுனியாவுக்குப் போனேன். அங்கே நெளுக்குளத்தில் பழுது பார்க்கும் ஒருவர் மூன்று நாள் வைத்திருந்து, கமராவை நன்றாகத் துடைத்துத் தந்தார். பளபளவென்று இருந்தது. கடைசியில் புதுக்குடியிருப்பில், போன் கவர்கள் தொங்கும் ஒரு கடையில், மேசை லாச்சியின் அடியில் ஒரே ஒரு வயர் அகப்பட்டது. விசாரணைக்கு இன்னும் ஒரு நாள்தான். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் எங்கள் பழைய தொலைக்காட்சியில் மாட்டினேன். மஞ்சள் தலை மஞ்சள் துளையில், சிவப்பு சிவப்பில், வெள்ளை வெள்ளையில். திரை கறுப்பாகவே இருந்தது. தொலைக்காட்சி மட்டும் ஆயிரம் குளவி அடைத்த தகரப் பேணி மாதிரி இரைந்தது. கழற்றி மாட்டினேன். மறுபடி குளவி. பற்றரி இறங்கி, கமரா விளக்கு பச்சையிலிருந்து செம்மஞ்சளானது.

பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பானவன் நான். கதைப் புத்தகங்களின் முதுகில் சிவப்பு, விஞ்ஞானத்துக்கு மஞ்சள், சமயத்துக்கு வெள்ளை என்று காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன். சிவப்புப் புத்தகத்தை மஞ்சள் தட்டில் வைத்த பிள்ளைகளுக்கு நிறையப் பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவன், நிறம் சரியாக இருந்தும் படம் வராவிட்டால் என்ன முடிவுக்கு வருவான்? வயர் பிழை. அந்த முடிவுக்கு வர எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து, இந்தக் கமராவின் வழிகாட்டிப் புத்தகத்தை இணையத்தில் கண்டுபிடித்து நூற்றுச் சொச்சம் பக்கத்தையும் வாசித்தேன். இதனோடு தரப்பட்ட வயரைத் தவிர வேறெதையும் பயன்படுத்த வேண்டாம் என்று இருந்தது. வேறோர் இடத்தில், உள்ளே எந்தக் கம்பி எதில் சேரும் என்று காட்டும் ஒரு படம் கிடைத்தது. அதைப் பார்த்து நானே வயர் செய்வதென்று கத்தியை எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, உதை வெட்ட முந்தி தெரிஞ்ச ஆரையும் ஒருக்கா கேட்டால் என்ன?" என்றாள் மனைவி.

"நான் வாசிச்சிட்டன்."

"அதுதான் பயமாக் கிடக்கு."

வெட்டினேன். உள்ளே தலைமயிர் போலச் செம்புக் கம்பிகள். முறுக்கி, ஒட்டி, மாற்றி முறுக்கி, மறுநாள் காலை பதினொரு மணி வரைக்கும் பார்த்தேன். இப்போது குளவிச் சத்தமும் இல்லை. விளக்கு சிவப்பாகி மினுங்கத் தொடங்கியது. அக்கா வாசற்படியில் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலடிக்கு ஓடினேன். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்திருந்த சவுண்ட்ஸ்காரர் கம்பத்தின் உச்சியில் இருந்தார். எனக்கு அவரைத் தெரியாது. கீழே நின்று கத்திக் கத்திக் கதையைச் சொன்னேன். பாதிக் கதையில் அவர் இறங்கி வந்து, என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். ஓட்டோவில் அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வெட்ட முந்தி என்ன நடந்தது, சேர்?"

"இரைச்சல் மட்டும் வந்தது. படம் இல்லை."

"அந்த இரைச்சல்தான் படம்."

எனக்கு விளங்கவில்லை.

"படத்தைக் கொண்டுபோய் ஸ்பீக்கருக்குக் குடுத்தால் அது அப்பிடித்தான் கத்தும். சிவப்பை மஞ்சள் ஓட்டையில குத்திப் பாத்தனீங்களோ?"

"சிவப்பு சத்தத்துக்கல்லோ?"

"வயருக்குக் கலர் தெரியாது சேர். கலர் எங்களுக்குத்தான். ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு மாதிரி ஒழுங்கு வைப்பான். நல்ல வயரை வெட்டிப்போட்டியள்."

கோயிலடி மண் சுட்டது. எனக்கு அது காலில்தான் சுட்டது என்று சொல்லமுடியாது. தலையைக் கம்பத்தில் முட்டலாமா என்று யோசித்தேன். அவர் கட்டிய கம்பம், விழுந்தாலும் விழும்.

மதியப் பூசைக்கு ஒலிபெருக்கி வேலை செய்தாகவேண்டும், அது முடியாமல் அசையமாட்டேன் என்றுவிட்டார். அந்த ஒன்றரை மணித்தியாலம் என் வாழ்க்கையில் நீளமான பூசை. சுவாமி கும்பிட்டேனா, மணிக்கூட்டைக் கும்பிட்டேனா தெரியாது. பூசை முடிந்ததும் கருவிப் பையோடு என் பின்னால் ஏறிக்கொண்டார்.

அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன ஒன்றரை மணி. விறாந்தை மேசையில் வயரை விரித்து, நிறத்தோடு நிறமாக ஒவ்வொரு கம்பியையும் ஈயம் உருக்கி ஒட்டினார். ஒரு கம்பியை நான் சுரண்டியே தீர்த்திருந்தேன். தன் மைக் வயரில் ஒரு துண்டு வெட்டி அதற்கு ஒட்டுப் போட்டார். நான் ரொர்ச்சை வயரை விட்டு மணிக்கூட்டுக்கே பிடித்துக்கொண்டிருந்ததால் அந்த வேலையை மனைவி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஒருக்காப் போட்டுப் பாப்பமோ?" என்றேன்.

"பற்றரி இன்னும் ரெண்டு மூண்டு நிமிசம் தாங்கும். இப்ப பாத்தால் நாங்கள் பாப்பம், வாற உத்தியோகத்தர் பாக்கமாட்டா. ஒரேயடியா அவாவுக்கு முன்னால போடுவம்."

"வராட்டி?"

"வராட்டி இப்ப போட்டாலும் வராதுதானே சேர்."

நாடாவை நல்ல காலமாகக் கோயிலடிக்கு ஓடுமுன்பே கப்பிச் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த முழு விவகாரத்திலும் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

காணி உத்தியோகத்தர் இரண்டு மணிக்குச் சரியாக வந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வெயிலில் நாலு காணி பார்த்துவிட்டு வந்த களைப்பு. கதிரையில் அமர்ந்து கடிதக் கோவையைத் திறந்தார்.

"அம்மா, ஒரு படம், ஒரு பழைய கடிதம், ஒண்டும் இல்லையோ?"

அக்கா தொலைக்காட்சிப் பக்கம் கையைக் காட்டினார். சவுண்ட்ஸ்காரர் சிவப்பு முனையை மஞ்சள் துளைக்குள் செருகினார். மஞ்சளைச் சிவப்புக்குள். என் நூலகத் தட்டு முழுவதும் சரிவது போல இருந்தது. கமராவை அழுத்தினார்.

கறுப்பு. பிறகு நீலம். பிறகு கோடு கோடாக ஏதோ உருண்டு ஓடியது. உருண்டது நின்றது. திரை நிறைய நான். மீசையும் பட்டு வேட்டியுமாக, சொந்தமாக ஒரு நாட்டையே வாங்கியவன் மாதிரி நிற்கிறேன். என் தோளுக்குப் பின்னால் தகரக் கொட்டில், வளைந்த ஒரு பனை, கிணறு, வாளிக் கயிற்றை இழுக்கும் ஒரு மனிதர். கிறீச். கிறீச்.

அக்காவின் கை வாய்க்குப் போனது.

அப்போது திரையில் இருந்த நான் வாயைத் திறந்தேன். விறாந்தை முழுவதும் கேட்டது.

"அண்ணை, அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. படத்துக்குள்ள வாறார்."

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, கயிற்றை இழுத்தார். தள்ளி நிற்கவில்லை.

உத்தியோகத்தர் எழுந்து போய்த் தன் போனால் திரையை மூன்று நான்கு தரம் படம் பிடித்தார். பிறகு விறாந்தை ஓரத்துக்குப் போய் வேலிக்கு அப்பால் பார்த்தார். கிணற்றுக் கட்டு அதே இடத்தில் இருந்தது. பனையும் இருந்தது. தலையில்லை, ஆனால் அதே வளைவு. திரும்பி வந்து அவர் எழுதத் தொடங்கியபோது கமரா அணைந்தது. பிறகு அது எழும்பவில்லை.

"இது காணும், அம்மா. உங்கட பேரைப் பதியலாம்" என்றார்.

அவர் போனபிறகும் நான் நிமிரவில்லை. பதினைந்து நாள் ஓடியலைந்து நான் தேடியது, என் குரலை எல்லாருக்கும் கேட்கப்பண்ணத்தான் போலிருந்தது. "அக்கா, அண்டைக்கு நான்..." என்று இழுத்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அன்னைக்கே வந்து சொல்லிச் சிரிச்சாரு தம்பி. பக்கத்து வீட்டுத் தம்பி என்னைப் படத்தை விட்டுப் போகச் சொல்லுது, வாளி பாதிக் கிணத்துல தொங்குது, நான் எங்க போறதுன்னு."

சவுண்ட்ஸ்காரர் சாமான்களைப் பையில் போட்டார். காசு என்று நான் வாய் திறக்க, "என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய் விடுங்கோ, பின்னேரப் பூசை இருக்கு" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது அந்த வயரை என் கையில் தந்து, "இனி வெட்டாதேங்கோ" என்றார்.

பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. அக்காவின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறது. வயர் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. நூலகத்தில் நிறக் காகிதங்களும் இருக்கின்றன, ஆனால் தட்டு மாறி வைத்த பிள்ளைகளுக்கு இப்போது பிரசங்கம் இல்லை.

கலியாண வீடுகளில் படமெடுக்கும்போது யாராவது குறுக்கே வந்தால் பழக்கத்தில் இன்றைக்கும் என் வாய் திறக்கத்தான் செய்கிறது. உடனே எங்கிருந்தோ அந்தக் கப்பி கிறீச்சிடும், நான் வாயை மூடிக்கொண்டு, வந்தவர் நிற்கட்டும் என்று ஓர் அடி தள்ளி நின்றுவிடுகிறேன்.