வில்லாக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த மனு

மதிலுக்கு அந்தப் பக்கம் நீச்சல் குளத்தில் மருந்து போடுகிறார்கள் போலிருக்கிறது. காலையிலிருந்து பிளீச்சிங் பவுடர் நெடி. ஒரு காலத்தில் இந்த வாசனை வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பஞ்சாயத்துத் தொட்டியைக் கழுவிவிட்டார்கள், தண்ணீர் வரப்போகிறது என்று அர்த்தம். இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து திட்டுகிறேன். திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிதில் இந்த ஊரில்தான் வாடகைக்கு இருந்தேன். முனிரத்தினம் அண்ணனின் ஐந்து ஓட்டு வீடுகள், ஒரே வரிசை. அடுத்த வீட்டில் லட்சுமியக்கா, இரண்டு பெண் பிள்ளைகளோடு. கணவர் இறந்துவிட்டார். அக்கா இதே ஊரில் பிறந்தவர், ஆனால் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. நூறு நாள் வேலையில்தான் அடுப்பு எரிந்தது.

அண்ணன் வாடகையை ஏற்றவே மாட்டார். தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். ராகி அறுப்பு வந்தால் ஐந்து வீட்டுக்காரர்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் கொல்லையில் இறங்க வேண்டும். நான் அறுத்த அழகைப் பார்த்துவிட்டு லட்சுமியக்கா, "தம்பி, நீ கட்டு தூக்கு போதும். நீ அறுத்தா பாதிக் கருது கொல்லையிலேயே நின்னுக்குது" என்றார். மதியம் அங்கேயே களியும் அவரைக்கொட்டைக் குழம்பும்.

பிறகு பெங்களூரிலிருந்து வில்லாக்காரர்கள் வந்தார்கள். முதலில் மதில் எழுப்பினார்கள், அப்புறம் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். வார இறுதிக்கு மட்டும் வருவார்கள். அவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அரைக்கால் சட்டை போட்ட ஒருவர், "நீங்க தமிழ்ல நல்லா எழுதுவீங்களாமே சார்" என்றதும் பல்லை இளித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எங்கள் ஊரை மாநகராட்சியோடு சேர்க்கக் கோரி மனு. குழாய்த் தண்ணீர், தெருவிளக்கு, நல்ல ரோடு எல்லாம் வரும் என்றார். கிராம சபையில் அதை ஏற்ற இறக்கத்தோடு நானே படித்தேன். சம்மதமா என்று கேட்டபோது லட்சுமியக்காவும் கை தூக்கினார்.

சேர்த்தார்கள். நூறு நாள் வேலை நின்றது. அது கிராமங்களுக்கு மட்டும்தானாம். வீட்டு வரி பல மடங்கு ஏறியது. வில்லாக்காரர்களுக்கு அது ஒரு நாள் ஓட்டல் செலவு. முனிரத்தினம் அண்ணன் நோட்டீசோடு வந்து லட்சுமியக்கா வாசலில் நின்றார்.

"என்னா பண்றது லட்சுமி, ராகி அறுத்துக் குடுத்தா வரியில கழிச்சிக்குவாங்களா? வில்லா சூப்பர்வைசருங்க இதே ஊட்டுக்கு ரெண்டு பங்கு தர்றேங்கறாங்க."

அக்கா ஊர் முழுக்க வேறு வீடு தேடினார். எல்லா வாசலிலும் இதே பேச்சு. கடைசியில் சானமாவுக்கு அந்தப் பக்கம், யானை நடமாடுகிற காட்டோரம் ஒரு வீடு கிடைத்தது. கிளம்புவதற்கு முதல் நாள் என்னிடம் வந்தார். அந்த மனுவுக்காக நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உனக்குத்தான் நல்லா எழுத வருதே தம்பி. புள்ளைங்களுக்கு டிசி வாங்கணும், ஒரு லெட்டர் எழுதிக் குடு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

அண்ணனும் பிறகு விற்றுவிட்டார். சம்பளக்காரனான எனக்கு இந்த மதிலோரம் வேறு வீடு கிடைத்தது. அந்த ஐந்து வீடுகளும் இப்போது இல்லை. வில்லாக்காரர்கள் வெளியூர் போகும்போது தங்கள் நாய்களை விட்டுவிட்டுப் போவதற்கு அங்கே ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனாலே வயிறு எரிகிறது. ஒரு நாய் ஒரு வாரம் தங்குவதற்கு வாங்குகிற காசில், லட்சுமியக்கா ஒரு மாதம் குடியிருந்திருப்பார்.